விகிதசமக் கணக்கு: பெருக்குவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது

திருமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டது இது. மகள் எட்டாம் வகுப்பு, மகன் பத்தாம் வகுப்பு. இரண்டு பேருக்கும் குறுக்குப் பெருக்கல் மனப்பாடம். ஆனால் விகிதசமக் கணக்கில் பாதிக்கு மேல் தப்பாகிறது. வடிவொத்த முக்கோணம் (வடிவம் ஒன்று, அளவு மட்டும் வேறு) வந்துவிட்டால் எதை மேலே போடுவது, எதைக் கீழே போடுவது என்றே தெரிவதில்லை. பரப்பளவு கேட்டால் இன்னும் மோசம். "நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். வீட்டுப்பாடத்தில் எப்படி உதவுவது?"

உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பெருக்கத் தெரிகிறது, வகுக்கத் தெரிகிறது, விடை மட்டும் தப்பு. அப்படியென்றால் கோளாறு பெருக்கும் இடத்தில் இல்லை. எந்த எண்ணை எந்த எண்ணுக்கு எதிரே நிறுத்துவது என்று முடிவு செய்யும் இடத்தில் இருக்கிறது. மதுரையில் பல வருடமாக மாலை வகுப்பு எடுக்கிறேன். இந்தப் பாடத்தில் தடுமாறுகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் வாய்ப்பாட்டில் கெட்டிக்காரர்கள்தான். கணக்கைப் படித்த உடனே நான்கு எண்களையும் கட்டத்தில் போட்டுப் பெருக்கிவிடுவார்கள். கணக்கு என்ன சொல்கிறது என்று பார்ப்பது அதற்குப் பிறகுதான், அதுவும் விடை தப்பு என்று தெரிந்தால்.

அதனால் கொஞ்ச நாளைக்கு வீட்டில் குறுக்குப் பெருக்கலுக்குத் தடை போடுங்கள். பதிலுக்கு "எத்தனை மடங்கு?" என்று கேட்கப் பழக்குங்கள்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் 250 கிராம் மல்லிகை 180 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். (நிஜ விலை முகூர்த்த நாளுக்கு ஒன்று, மற்ற நாளுக்கு ஒன்று.) 750 கிராம் எவ்வளவு? மகள் முதலில் எழுத வேண்டியது எண்ணை அல்ல, தலைப்பை. இடப்பக்கம் 'கிராம்', வலப்பக்கம் 'ரூபாய்'. அதன்கீழ் முதல் வரியில் 250, 180. இரண்டாவது வரியில் 750, கேள்விக்குறி. இப்போது இடப்பக்கம் மேலிருந்து கீழே விரலை ஓட்டச் சொல்லுங்கள். 250 எப்படி 750 ஆயிற்று? மூன்று மடங்கு. அப்போது வலப்பக்கமும் மூன்று மடங்கு, 540 ரூபாய். கணக்கு முடிந்தது.

750 என்பதால் சுலபமாக வந்தது. 400 கிராம் கேட்டால்? 400-க்குள் 250 முழுசான தடவையில் போகாது. அப்போது கீழே இறங்கி மேலே ஏற வேண்டும். 250-ஐ ஐந்தால் வகுத்தால் 50 கிராம், 180-ஐ ஐந்தால் வகுத்தால் 36 ரூபாய். 400 கிராமில் எட்டு 50 இருக்கிறது, எட்டு 36 என்பது 288 ரூபாய். பள்ளியில் ஒரு கிராமுக்கு விலை கண்டுபிடித்து ஓரலகு முறை என்று எழுதச் சொல்வார்கள், அதுவும் இதே வழிதான். ஆனால் ஒன்றுக்கு வந்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை, 50-க்கு வந்தாலும் போதும். கடைக்காரர்கள் மனக்கணக்குப் போடும் விதம் இதுதான். ஒரு கிராம் 72 காசு என்று எந்தப் பூக்காரரும் யோசிப்பதில்லை.

பூ என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கிராம் கணக்கில் வாங்கினால் விகிதசமம் பிசகாது. கோயில் வாசலில் முழக்கணக்கில் வாங்கினால், யாருடைய முழம் என்பதே விவகாரம்! கணக்குப் புத்தகத்திலும் இந்தத் தொல்லை உண்டு. ஒரு அளவு சென்டிமீட்டரில் இருக்கும், இன்னொன்று மீட்டரில் இருக்கும், பிள்ளை கவனிக்காமல் பெருக்கும். தலைப்பில் அலகை எழுதும் பழக்கம் வந்துவிட்டால் இது தானாகவே கண்ணில் படும்.

குறுக்குப் பெருக்கல் ஏன் சரியாக வருகிறது என்பதையும் ஒருமுறை காட்டிவிடுங்கள், அது மந்திரம் இல்லை. 3/4, 9/12 இரண்டும் சமமா என்று பார்க்கக் கீழ் எண்களை ஒன்றாக்குகிறோம், 48 ஆக. முதலாவது 36/48, இரண்டாவதும் 36/48. மேலே வந்த முதல் 36 என்பது 3 × 12. இரண்டாவது 36 என்பது 9 × 4. கீழே 48 இரண்டிலும் ஒன்றுதான் என்பதால் அதை எழுதாமல் விட்டுவிட்டோம், அவ்வளவுதான். இது புரிந்த பிள்ளைக்குத் தடையை எடுத்துவிடலாம்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. கணக்கில் மூன்று எண் இருந்து நான்காவது எண் கேட்டால் அது விகிதசமமாகத்தான் இருக்கும் என்று பிள்ளைகள் நம்பிவிடுகிறார்கள். பாடத்தின் பெயரே அதுவாக இருக்கும்போது வேறு எப்படி நினைப்பார்கள்? உங்கள் மகளிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்: "அக்காவுக்கு 12 வயது, தம்பிக்கு 6. அக்காவுக்கு 20 ஆகும்போது தம்பிக்கு எத்தனை?" பேனாவைப் பிடித்த கையோடு 10 என்று எழுதினால், பாடம் தலையில் இறங்கவில்லை, கையில் மட்டும் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். விடை 14. வயதில் வித்தியாசம்தான் மாறாமல் இருக்கிறது, மடங்கு மாறிக்கொண்டே போகிறது.

ஆட்டோ கணக்கும் அப்படி. முதல் 2 கிலோமீட்டருக்கு 50 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 20 ரூபாய் என்று பேசிக்கொண்டால், 10 கிலோமீட்டருக்கு 250 ஆகாது, 210-தான் ஆகும். இதைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: ஒன்று பூஜ்யமானால் மற்றதும் பூஜ்யமாகுமா? பூ வாங்கவில்லை என்றால் காசும் இல்லை, சரி. ஆட்டோவில் ஏறி இருபதடி போய் இறங்கினாலும் 50 ரூபாய் கொடுத்தாக வேண்டும். அக்காவுக்கு வயது பூஜ்யமாக இருந்தபோது தம்பி பிறக்கவே இல்லை. இந்தக் கேள்வியில் தோற்றால் அது விகிதசமம் இல்லை. ஜெயித்துவிட்டால் மட்டும் போதுமா என்றால், இல்லை. ஒன்று இரட்டிப்பானால் மற்றதும் இரட்டிப்பாகிறதா என்றும் பார்க்க வேண்டும். பரப்பளவு சமாச்சாரத்தில் இந்த இரண்டாவது கேள்விதான் காப்பாற்றும்.

எதிர் விகிதத்துக்கு நீண்ட விளக்கம் வேண்டாம். நான்கு பேர் ஒரு தோட்டத்து மல்லிகையை மூன்று மணி நேரத்தில் பறிக்கிறார்கள் என்றால் ஆறு பேருக்கு எவ்வளவு நேரம்? ஆள் கூடினால் நேரம் குறையும் என்று பிள்ளை வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் பேனாவை எடுக்க வேண்டும். மொத்த வேலை 4 × 3, அதாவது 12 ஆள்-மணி. ஆறு பேர் பகிர்ந்தால் 2 மணி நேரம். இங்கே நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: "விடை மூன்றைவிடக் கூடுமா, குறையுமா?" என்று முன்கூட்டியே கேட்டு, அந்தப் பதிலை நோட்டின் ஓரத்தில் எழுத வைப்பது. 4½ என்று விடை வந்தால் பிள்ளையே அடித்துவிடும். இதற்கு நீங்கள் பத்தாவதைத் தாண்டியிருக்க வேண்டியதில்லை.

இனி வடிவொத்த உருவங்கள். முதலில் ஸ்டுடியோவுக்குப் போவோம். புகைப்படத்தில் 4க்கு 6 அங்குலம் என்று ஓர் அளவு உண்டு, 5க்கு 7 என்று ஓர் அளவு உண்டு. சின்னதைப் பெரிதாக்கினால் பெரியது வருமா? பிள்ளைகள் பட்டென்று வரும் என்பார்கள். 4-உடன் ஒன்று கூட்டினால் 5, 6-உடன் ஒன்று கூட்டினால் 7, இரண்டு பக்கமும் சமமாகத்தானே கூடியிருக்கிறது? இந்தப் பாடத்தில் நான் அதிகம் பார்க்கும் பிழை இதுதான், பத்தாம் வகுப்பு வரைக்கும் இது கூடவே வருகிறது. 4, 5 ஆனது 1.25 மடங்கு. 6-ஐயும் 1.25 மடங்காக்கினால் 7.5 வர வேண்டும். ஆனால் தாளில் 7 அங்குலம்தான் இருக்கிறது. அதனால் அரை அங்குலப் படத்தை ஸ்டுடியோக்காரர் ஓரத்தில் வெட்டித்தான் தருவார். கல்யாண ஆல்பத்தில் ஓரத்தில் நின்ற மாமா பாதியாகப் போவது இப்படித்தான். வீட்டில் இரண்டு அளவிலும் படம் இருந்தால் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

வடிவம் மாறாமல் இருக்க வேண்டும் என்றால் பெருக்க வேண்டும், கூட்டக் கூடாது. எல்லாப் பக்கமும் ஒரே எண்ணால் பெருக வேண்டும். அந்த ஒரே எண்ணைக் கண்டுபிடிப்பதே பாதிக் கணக்கு.

இந்த விஷயத்தில் முக்கோணத்துக்கு ஒரு சலுகை உண்டு. செவ்வகங்களுக்கு நான்கு கோணமும் செங்கோணமாகவே இருந்தாலும் அவை வடிவொத்தவையாக இருக்க வேண்டியதில்லை, இப்போது பார்த்தோம். ஒரு முக்கோணத்தின் இரண்டு கோணம் இன்னொரு முக்கோணத்தின் இரண்டு கோணத்துக்குச் சமமானாலே போதும், மூன்றாவது தானாகச் சமமாகிவிடும், பக்கங்களும் ஒரே மடங்கில் வந்து நின்றுவிடும். கோ-கோ (கோணம்-கோணம்) விதிமுறை என்று மகனின் புத்தகத்தில் இருப்பது இதுதான்.

உங்கள் மகன் நிச்சயம் செய்திருப்பான் என்று நான் நினைக்கிற ஒரு தப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஒரு முக்கோணம். உச்சி அ. அடிப்பக்கத்தின் இரு முனைகள் ஆ, இ. அடிப்பக்கத்துக்கு இணையாக நடுவில் ஒரு கோடு, இடப்பக்கத்தில் க என்ற புள்ளியிலிருந்து வலப்பக்கத்தில் ச என்ற புள்ளி வரை. அ-விலிருந்து க வரை 4 செ.மீ., க-விலிருந்து ஆ வரை 6 செ.மீ. நடுக்கோடு கச 6 செ.மீ. அடிப்பக்கம் ஆஇ எவ்வளவு?

பையன் எழுதுவான்: 4/6 = 6/ஆஇ. குறுக்கே பெருக்கினால் 36 = 4 × ஆஇ, ஆகவே 9. நோட்டு சுத்தமாக இருக்கும், விடைக்குக் கீழே இரண்டு கோடும் இருக்கும். சரியான விடை 15.

எங்கே போயிற்று? படத்தில் இரண்டு முக்கோணம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கிறது. சின்ன முக்கோணத்தின் இடப்பக்கம் 4. பெரிய முக்கோணத்தின் இடப்பக்கம் உச்சியிலிருந்து அடி வரை முழுசாக, அதாவது 4 + 6 = 10. அந்த 6 எந்த முக்கோணத்தின் பக்கமும் இல்லை, அது ஒரு மிச்சத் துண்டு. படத்தில் 4, 6 என்ற எண்கள் எழுதியிருக்கிறது, 10 எங்கேயும் எழுதியில்லை. கண்ணுக்குத் தெரிவதைத்தானே கை எடுக்கும்? 4/10 = 6/ஆஇ என்று போட்டால் 15 வரும். மடங்கு வழியில் போனால் இன்னும் சுலபம்: 4 எப்படி 10 ஆயிற்று, இரண்டரை மடங்கு. 6-ஐ இரண்டரை மடங்காக்கினால் 15.

இதில் இன்னொரு குழப்பமும் ஒளிந்திருக்கிறது. தேல்ஸ் தேற்றம் படிக்கும்போது துண்டுகளைத்தான் எடுக்கச் சொல்வார்கள்: இடப்பக்கம் 4க்கு 6 என்று வெட்டுப்பட்டால் வலப்பக்கமும் அதே விகிதத்தில் வெட்டுப்படும். அது சரிதான். வலப்பக்கத்தின் மேல்துண்டு 5 என்றால் கீழ்த்துண்டு 7.5. ஆக, இரண்டு சாய்ந்த பக்கங்களை ஒப்பிட்டால் துண்டுக்குத் துண்டு போடலாம். இணைகோடுகளின் நீளம் கணக்குக்குள் வந்துவிட்டால் துண்டு கூடாது, முழுசுதான். பையன் ஒரே வழியை இரண்டு இடத்திலும் போடுவதால்தான் ஒரு கணக்கு சரியாகவும் அடுத்த கணக்கு தப்பாகவும் வருகிறது, அவனுக்கும் காரணம் புரிவதில்லை.

மருந்து எளிது. சின்ன முக்கோணத்தைத் தனியே எடுத்துப் பக்கத்தில் வரையச் சொல்லுங்கள். பெரியதையும் தனியே. இரண்டிலும் சமமான கோணங்களுக்கு ஒரே நிறத்தில் புள்ளி வைக்கட்டும். பிறகு ஒரே நிறப் புள்ளிகளுக்கு எதிரே இருக்கும் பக்கங்கள்தான் ஒத்த பக்கங்கள். முக்கோணம் திரும்பிக் கிடந்தாலும் கண்ணாடியில் பார்த்ததுபோல் கவிழ்ந்து கிடந்தாலும் இந்தப் புள்ளிகள் ஏமாற்றாது. 'இடப்பக்கத்துக்கு இடப்பக்கம்' என்று பார்த்தால் கவிழ்ந்த படத்தில் கண்டிப்பாக ஏமாறுவான். தேர்வில் படம் வரைய நேரம் இல்லை என்று சொல்வான், காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். அரை நிமிடம் ஆகும்.

எதை மேலே போடுவது, எதைக் கீழே போடுவது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு வழியும் சரி. சின்னது/பெரியது = சின்னது/பெரியது என்று போடலாம். அல்லது அகலம்/உயரம் = அகலம்/உயரம் என்று ஒவ்வொரு உருவத்துக்கும் தனியாகப் போடலாம். ஒருபக்கம் ஒரு வழி, மறுபக்கம் இன்னொரு வழி என்று கலந்தால்தான் கெடும். மகளுக்கு ஒரே வழியை மட்டும் சொல்லித்தந்து அதிலேயே ஊற விடுவது நல்லது.

இப்போது வெளியே போவோம். இந்தப் பாடத்தைத் தரையில் வைத்துச் செய்து பார்க்க நம்மூர் வெயிலைவிட வசதியானது வேறில்லை. மாலை நான்கு மணிவாக்கில் மகளை வெளியே நிறுத்துங்கள். உயரம் 150 செ.மீ., நிழல் 200 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் நிற்கும் பனைமரத்தின் நிழல் 16 மீட்டர். நிழலின் நீளத்தில் நான்கில் மூன்று பங்குதான் உயரம், ஆகவே மரம் 12 மீட்டர். ஏன் இது வேலை செய்கிறது? சூரியக் கதிர் இருவருக்கும் ஒரே சாய்வில் வருகிறது, இருவரும் தரைக்குச் செங்குத்து, இரண்டு கோணம் சமம். அதே கோ-கோதான்.

தென்னையை எடுக்காதீர்கள், அது சாய்ந்து நிற்கும், செங்கோணம் கிடைக்காது. நேராக வளரும் பனை நல்லது, மின்கம்பம் இன்னும் நல்லது, தொடாமல் நிழலை மட்டும் அளந்தால் போதும். இரண்டு நிழலையும் அடுத்தடுத்து அளக்க வேண்டும். மகள் நிழலை அளந்துவிட்டு டீ குடித்து வந்து மரத்தின் நிழலை அளந்தால், அந்தப் பத்து நிமிடத்தில் சூரியன் இறங்கி விடையில் ஏறத்தாழ ஒரு மீட்டர் பிசகும். உச்சிவேளையும் ஆகாது. மதுரையில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகலில் சூரியன் தலைக்கு நேர் மேலே வந்துவிடும். அன்றைக்கு நிழல் காலடியில் ஒடுங்கிவிடும், அளக்க ஒன்றும் இருக்காது.

இதே வழியில் மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தை அளக்கலாமே என்று பிள்ளைகள் ஆசையாகக் கேட்பார்கள். அது சுமார் 170 அடி, அந்தக் கோயிலில் இருக்கும் கோபுரங்களில் உயரமானது. அளக்கலாம், ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. கோபுரம் கம்பம் மாதிரி இல்லை, அடி அகன்று மேலே போகப் போகக் குறுகும். நிழலின் நுனியிலிருந்து சுவர் வரை அளந்தால் போதாது. உச்சிக்கு நேர் கீழே உள்ள புள்ளி சுவருக்கு உள்ளே, கோபுரத்தின் நடுவில் இருக்கிறது. சுவரிலிருந்து அந்த நடுப்புள்ளி வரைக்கும் உள்ள தூரத்தையும் கூட்டினால்தான் முழு நிழல் கிடைக்கும். இங்கேயும் அந்த 4-க்கு 10 சமாச்சாரம்தான், கண்ணுக்குத் தெரியும் துண்டு முழு நீளம் இல்லை. கிரேக்கத்துத் தேல்ஸ் எகிப்துப் பிரமிடின் உயரத்தை நிழலைக் கொண்டு அளந்தார் என்று ஒரு பழங்கதை உண்டு. உண்மையாக அளந்திருந்தால் அவரும் பாதி அடிப்பக்கத்தைக் கூட்டித்தான் ஆக வேண்டும்.

வெயில் இல்லாத நாளில் கண்ணாடி வைத்துச் செய்யலாம். தரையில் ஒரு முகக்கண்ணாடியைப் படுக்க வைத்து, கம்பத்தின் நுனி அதில் தெரியும் வரை பின்னால் நகர வேண்டும். கண்ணாடியிலிருந்து கால் வரை 70 செ.மீ., கண் இருக்கும் உயரம் 140 செ.மீ. என்றால், உயரம் தூரத்தைப்போல இரண்டு மடங்கு. கண்ணாடியிலிருந்து கம்பம் 3.5 மீட்டர் என்றால் கம்பம் 7 மீட்டர். தலை உயரத்தை எடுக்கக் கூடாது, கண் உயரத்தை எடுக்க வேண்டும். பார்ப்பது கண்தானே!

பரப்பளவுக்கு வருகிறேன். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் சுமார் 305 மீட்டருக்கு 290 மீட்டர். 1:5000 அளவில் நோட்டில் வரைந்தால், ஒரு சென்டிமீட்டர் 50 மீட்டர். அப்போது 6.1 செ.மீ.க்கு 5.8 செ.மீ. வரும், உள்ளங்கைக்குள் அடங்கும். படத்தின் பரப்பு 35.38 சதுர செ.மீ. இப்போது கேள்வி: உண்மையான குளத்தின் பரப்பு என்ன? பிள்ளை 35.38-ஐ 5000-ஆல் பெருக்கும். 1,76,900 சதுர செ.மீ. பெரிய எண்ணாக இருக்கிறது, சரியாகத்தான் இருக்கும் என்று அடுத்த கணக்குக்குப் போய்விடும். அதைச் சதுர மீட்டராக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். 17.69 சதுர மீட்டர். வீட்டில் ஒரு பெரிய அறை அளவு. தைப்பூசத்தன்று அதற்குள் தெப்பத்தை எப்படி விடுவது? மைய மண்டபத்தை எங்கே வைப்பது?

நீளமும் 5000 மடங்கு, அகலமும் 5000 மடங்கு. ஆகவே பரப்பு 5000 × 5000, அதாவது 2,50,00,000 மடங்கு. 35.38-ஐ அதனால் பெருக்கிச் சதுர மீட்டராக்கினால் 88,450 வரும். 305 × 290 போட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இதைச் சூத்திரமாகத் தருவதற்கு முன்னால் கட்டம் போட்ட நோட்டில் ஒரு கட்டத்தையும், பக்கம் மூன்று மடங்கான சதுரத்தையும் வரைந்து எண்ண விடுங்கள். ஒன்பது கட்டம் வரும். முக்கோணத்துக்கும் வட்டத்துக்கும் கோணல்மாணலான கண்மாய்க்கும் இதே விதிதான். வடிவம் ஒத்திருந்தால் போதும். ஜெராக்ஸ் கடையில் ஏ4 தாளை ஏ3 ஆக்க 141 சதவீதம் என்று பொத்தானை அழுத்துவார்கள். ஏ3 என்பது இரண்டு ஏ4 அளவு, பிறகு ஏன் 200 இல்லை? அந்த 141 நீளத்துக்கானது. 1.41-ஐ 1.41-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 2, பரப்பு இரட்டிப்பு. 200 சதவீதம் போட்டால் நான்கு ஏ4 அளவுத் தாள் வேண்டியிருக்கும்.

ஆனால் எல்லாவற்றையும் வர்க்கப்படுத்தும் வியாதியும் வரக் கூடாது. மார்கழியில் வாசலில் போடும் கோலத்தை, புள்ளிகளின் எண்ணிக்கை மாறாமல் இடைவெளியை மட்டும் இரட்டிப்பாக்கிப் போட்டால் மாவு எவ்வளவு கூடும்? வெறும் கோடு என்றால் இரண்டு மடங்குதான், கோட்டின் நீளம்தான் கூடியிருக்கிறது. உள்ளே வண்ணப்பொடி நிரப்பினால் அந்தப் பொடி நான்கு மடங்கு. ஒரே கோலத்தில் இரண்டு பதில்! சுற்றளவுக்கும் பரப்புக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட எனக்குத் தெரியவில்லை. இடைவெளியை அப்படியே வைத்து நீளத்திலும் அகலத்திலும் புள்ளிகளை இரட்டிப்பாக்கினால் அது வேறு கணக்கு, கோடும் கிட்டத்தட்ட நான்கு மடங்காகிவிடும், ஏனென்றால் அங்கே கோலம் பெரிதாகவில்லை, கோலத்துக்குப் பக்கத்தில் இன்னும் கோலம் வந்திருக்கிறது.

கன அளவு வந்தால் மூன்று முறை பெருக்க வேண்டும். இதற்கு நம் பக்கத்தில் நல்ல உதாரணம் வைகை அணை. முழு நீர்மட்டம் 71 அடி. மட்டம் 35 அடிக்கு இறங்கினால் பாதித் தண்ணீர் இருக்கிறது என்று பலர் பேசிக்கொள்வார்கள். அடியில் குறுகி மேலே விரியும் பள்ளத்தில் அப்படி இருக்காது. அணையைத் தலைகீழ்க் கூம்பாக வைத்துப் பார்த்தால், பாதி உயரத்தில் இருக்கும் தண்ணீர் 1/2 × 1/2 × 1/2, எட்டில் ஒரு பங்குதான். அதே கூம்புக் கணக்கில் 61 அடியிலிருந்து 71 அடி வரை உள்ள மேல் பத்தடியில் மட்டும் மொத்தத் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், சுமார் 37 சதவீதம் நிற்கும். உண்மையான அணை கச்சிதமான கூம்பு இல்லை, வண்டல் வேறு படிந்திருக்கும், அதனால் எண் மாறும். ஆனால் அடிக்கணக்கும் தண்ணீர்க்கணக்கும் நேர் விகிதத்தில் போகாது என்பது மாறாது. செய்தியில் நீர்மட்டத்துக்குப் பக்கத்தில் கொள்ளளவைத் தனியாக, மில்லியன் கன அடியில் சொல்வது இதனால்தான். மகனை அந்த இரண்டு எண்ணையும் ஒரு வாரம் குறித்துவைக்கச் சொல்லுங்கள், ஆர்வம் இருந்தால் தானே வரைபடம் போடுவான்.

செங்கோண முக்கோணத்தில் உச்சியிலிருந்து கர்ணத்துக்குச் செங்குத்து இறக்கும் கணக்கு மகனுக்கு வரும். அதில் மூன்று முக்கோணம், மூன்றும் வடிவொத்தவை. கர்ணம் 4, 9 என்று வெட்டுப்பட்டால் செங்குத்தின் வர்க்கம் 36, நீளம் 6. மூன்றையும் தனித்தனியே வரைந்து நிறப்புள்ளி வைத்தால் சூத்திரம் மனப்பாடம் செய்யாமலே வந்துவிடும்.

இந்த வாரத்துக்கு மூன்று கணக்கு தருகிறேன். ஒன்று, 1:50,000 வரைபடத்தில் இரண்டு ஊருக்கு நடுவே நேர்க்கோட்டில் 7.4 செ.மீ., உண்மையில் எவ்வளவு தூரம்? இரண்டு, 12 சதுர செ.மீ. பரப்புள்ள முக்கோணத்தை 150 சதவீதத்துக்கு ஜெராக்ஸ் எடுத்தால் பரப்பு எவ்வளவு? மூன்று, ஒரே வடிவத்தில் இரண்டு குடம், சின்னது 20 செ.மீ. உயரம், 4 லிட்டர் பிடிக்கும். பெரியது 30 செ.மீ. உயரம், எவ்வளவு பிடிக்கும்?

விடைகள்: 3.7 கிலோமீட்டர், 27 சதுர செ.மீ., 13.5 லிட்டர். மூன்றாவதுக்கு மகள் 6 லிட்டர் என்று சொன்னால் உடனே திருத்தாதீர்கள். வீட்டில் ஒரே வடிவத்தில் சின்னதும் பெரியதுமாக இரண்டு சொம்போ டம்ளரோ இருக்கும், சின்னதால் மொண்டு பெரியதில் ஊற்றி எண்ணிப் பார்க்கட்டும்.